திருச்சி – சிங்கப்பூர்: 2,980 கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மண்ணச்சநல்லூரில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் "நாலு மணி நேரம்" என்பார்கள். அந்த ஊர் பஸ்ஸில் திருச்சி போக எவ்வளவு நேரம் என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள்!

இந்த நாலு மணி நேரம் எப்போது வந்தது? விமானம் கண்டுபிடித்ததும் வந்ததா? ஜெட் வந்ததும் வந்ததா? இரண்டும் இல்லை. ஜெட் விமானம் வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் ஒரு திருச்சிக்காரருக்கு சிங்கப்பூர் ஒன்றரை நாள் தூரத்தில்தான் இருந்தது. அந்தக் கதை சுவாரசியமானது. கொஞ்சம் வருத்தமானதும் கூட.

முதலில் தூரம்

பூமி உருண்டை என்பதால் இரண்டு ஊர்களுக்கு நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட முடியாது. பந்தின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் எந்த வழியில் நிற்குமோ அதுதான் மிகக் குறுகிய வழி. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள்.

கணக்கு ரொம்ப எளிது. திருச்சி விமான நிலையம் 10.77 பாகை வடக்கு, 78.71 பாகை கிழக்கு. சாங்கி விமான நிலையம் 1.35 பாகை வடக்கு, 103.99 பாகை கிழக்கு. இரண்டுக்கும் நடுவே பூமியின் மையத்தில் உண்டாகும் கோணம் சுமார் 26.8 பாகை. ஒரு பாகைக்கு 60 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பெருக்கிப் பாருங்கள், சுமார் 2,980 கி.மீ. வரும்.

இந்தக் கோட்டை வரைபடத்தில் வரைந்தால் அது கோடியக்கரை பக்கம் கடலில் இறங்குகிறது. யாழ்ப்பாணத் தீபகற்பத்துக்குச் சற்று வடக்கே போகிறது. நிக்கோபார் தீவுகளுக்குத் தெற்கே வங்கக் கடலைத் தாண்டி, சுமத்ராவின் வடபகுதியான ஆச்சேயில் கரையேறி, மலாக்கா ஜலசந்தி வழியாகச் சிங்கப்பூர் சேர்கிறது. நிஜ விமானங்கள் காற்று, வான்வழித் தடம், நெரிசல் எல்லாம் பார்த்து இதிலிருந்து கொஞ்சம் விலகித்தான் போகும். ஆனாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

நேரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சிங்கப்பூர் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னால். ஆகவே இரவு 1 மணிக்குத் திருச்சியில் கிளம்பினால் அங்கே போய் இறங்கும்போது காலை ஏழரை. திரும்பும்போது அங்கே இரவு 8 மணிக்கு ஏறினால் திருச்சியில் இறங்கும்போது ஒன்பதரைதான்! போக ஆறரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் என்று கடிகாரம் பொய் சொல்லும். 1982க்கு முன்னால் இந்தப் பொய் கொஞ்சம் சிறியதாக இருந்தது. அந்த வருடம் ஜனவரி 1 அன்று மலேசியாவும் சிங்கப்பூரும் தங்கள் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிக்கொண்டன. அதுவரை வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான்.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தரையில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும் அல்லவா? அதே சமயம் மேலே, விமானம் பறக்கும் உயரத்திலும் அதற்கு மேலும், காற்று கிழக்கிலிருந்து மேற்காக வேகமாக ஓடும். வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று என்று இதற்குப் பெயர். இதைப் பற்றி 1958ல் எழுதி உலகத்துக்குச் சொன்னவர் கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை விஞ்ஞானி. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சிங்கப்பூரிலிருந்து வருபவர்களுக்கு இந்தக் காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும்.

சரி, இனி வரலாறு.

முப்பது நாள்

இதே கடலைத் தாண்ட ஆன நேரத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய குறிப்புகளில் ஒன்று ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சீனத் துறவி இ-சிங், தன் காலத்தில் இந்தியா வந்த துறவிகளின் வரலாற்றை எழுதியிருக்கிறார். அதில் ஒருவர் கெடாவிலிருந்து (தமிழில் கடாரம்) கப்பலேறி மேற்கே முப்பது நாள் பயணம் செய்து நாகப்பட்டினம் வந்து சேர்ந்ததாகச் சொல்கிறார். அங்கிருந்து இலங்கைக்கு இரண்டு நாள்.

முப்பது நாள் என்பது கப்பல் ஓடிய நாட்கள் மட்டும். பாய்மரக் கப்பல் காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். கிழக்கே போக ஒரு பருவக்காற்று, திரும்ப இன்னொரு பருவக்காற்று. போய் வர ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். 1025ல் ராஜேந்திர சோழனின் கடற்படை போனதும் இந்தக் காற்றை நம்பித்தான். அவனுடைய மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம், இலாமுரிதேசம், கடாரம் ஆகிய பெயர்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் இன்றைய திருச்சி–சிங்கப்பூர் விமானப் பாதையின் அக்கம்பக்கத்தில்தான் வருகின்றன. நிக்கோபார், ஆச்சே, கெடா!

செய்தி முதலில் போய்விட்டது

நேராக 19ம் நூற்றாண்டுக்கு வந்துவிடுவோம். அப்போது நடந்த ஒரு விஷயம் இந்தக் கதைக்கு ரொம்ப முக்கியம். சென்னையிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் கடலடியில் தந்திக் கம்பி போட்டார்கள். 1871 வாக்கில் சென்னையில் தட்டினால் சிங்கப்பூரில் கேட்டது.

அதாவது, "அப்பா காலமானார்" என்ற செய்தி அன்றே போய்ச் சேரும். ஆனால் மகன் வந்து சேர எத்தனை நாள் ஆகும்? செய்தியின் வேகத்துக்கும் ஆளின் வேகத்துக்கும் நடுவே இருந்த இந்த இடைவெளி அடைபட நூற்றுமுப்பது வருடத்துக்கு மேல் பிடித்தது. திருச்சி–சிங்கப்பூர் பயண நேரத்தின் வரலாறு என்பதே இந்த இடைவெளியின் வரலாறுதான்.

அந்தக் காலத்தில் திருச்சிப் பக்கத்திலிருந்து மலாயா போனவர்கள் முதலில் நாகப்பட்டினம் போவார்கள். ரயில் இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு 1862லேயே பாதை போட்டுவிட்டார்கள். ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் பிடித்துக்கொண்டு போன கூலித் தொழிலாளிகள், கடை வைக்கப் போனவர்கள், கணக்கெழுதப் போனவர்கள் என எல்லோருக்கும் நாகப்பட்டினமோ சென்னையோதான் வாசல்.

கப்பல்களில் பெயர் பெற்றது 'ரஜூலா'. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக 1926ல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிளாங்), சிங்கப்பூர் என்று ஓடியது. ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. டெக் பயணி என்றால் அறை கிடையாது. பாயை விரித்த இடம்தான் வீடு. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, கடலில் தள்ளி நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். நாகையை விட்டால் பினாங்கு வரை நாலைந்து நாள் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. சிங்கப்பூர் சேர ஏறக்குறைய ஒரு வாரம். கப்பல் கிளம்பும் தேதிக்காகக் காத்திருக்கும் நாட்கள் தனி.

தந்தி கிடைத்த மகன் கணக்குப் போட்டுப் பார்ப்பான். அடுத்த கப்பல் எப்போது? அதைப் பிடித்தால் பதினாறாம் நாள் கருமாதிக்காவது போய்ச் சேரலாமா? பெரும்பாலும் முடியாது. கொள்ளி வைப்பதைப் பற்றி யாரும் யோசிக்கக்கூட மாட்டார்கள். அதைத் தம்பியோ பங்காளியோ செய்து முடித்திருப்பார்கள். அவன் அங்கேயே தலைமுழுகிவிட்டு மணியார்டர் அனுப்புவான்.

திருச்சிக்கு விமானம் வந்தது, ஆனால்...

திருச்சிக்கு விமானம் சீக்கிரமே வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. டாடா நிறுவனம் 1932ல் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்குத் தபால் விமானம் ஓட்டத் தொடங்கியது. 1938 பிப்ரவரி இறுதியில் அந்தத் தடம் கொழும்பு வரை நீண்டது. சென்னைக்கும் கொழும்பு ரத்மலானாவுக்கும் நடுவே திருச்சியில் நிறுத்தம். சின்னச் சின்ன விமானங்கள், அவற்றில் முக்கியமான பயணி தபால் பைதான்.

சிங்கப்பூரிலும் அப்போது விமான நிலையம் இருந்தது. 1937 ஜூனில் திறந்த காலாங். ஆனால் திருச்சிக்கும் காலாங்குக்கும் நேர்கோடு கிடையாது. லண்டனிலிருந்து சிங்கப்பூர் போகும் இம்பீரியல் ஏர்வேஸ் பாதை கராச்சி, டெல்லி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், பாங்காக் என்று கரையோரமாகவே தாவித் தாவிப் போகும். நடுக்கடலைத் தாண்டும் தைரியமும் எரிபொருளும் அந்த விமானங்களுக்கு இல்லை. திருச்சியின் கடிதம் விமானத்தில் போக வேண்டுமானால் கல்கத்தா பக்கம் போய்த்தான் கிழக்கே திரும்ப வேண்டும். ஒரு பக்கம் 2,980 கி.மீ., இன்னொரு பக்கம் வங்கக் கடலை முழுசாக ஒரு சுற்று!

பிறகு போர் வந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அடுத்த மூன்றரை வருடம் மலாயாவில் இருந்தவர்களுக்கும் ஊருக்கும் நடுவே கப்பலும் இல்லை, தபாலும் இல்லை. தூரம் அதே 2,980 கி.மீ.தான். பயண நேரம் என்று எதையும் சொல்ல முடியாது.

அந்தச் சமயத்தில் இலங்கையின் தெற்கே கொக்கலை ஏரியிலிருந்து ஒரு விசித்திரமான விமானம் பறந்தது. சிங்கப்பூர் அடைபட்டதால் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இருந்த வான்வழி அறுந்துவிட்டது. 1943 ஜூலை முதல் குவாண்டாஸ் நிறுவனம் கேட்டலினா என்ற கடல் விமானத்தில் பெர்த்துக்கும் கொக்கலைக்கும் நடுவே இந்தியப் பெருங்கடலை நேராகத் தாண்டியது. 27 மணி முதல் 33 மணி நேரம் வரை இறங்காமல் பறக்க வேண்டும். எரிபொருளுக்கே இடம் போய்விடும் என்பதால் பயணிகள் மூன்று பேர்தான். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்தவர்கள் என்று அவர்களுக்குச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்! வழியில் ஒரு ஊர் கை மாறினால் பயண நேரம் எப்படியெல்லாம் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஜெட் வந்தும் கப்பல்

போருக்குப் பிறகு ஏர் இந்தியா இன்டர்நேஷனல் 1954ல் சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களை வாங்கிச் சிங்கப்பூருக்குப் பறக்கத் தொடங்கியது. 1960ல் போயிங் 707 ஜெட் வந்தது. 707ன் வேகம் என்ன தெரியுமா? மணிக்கு சுமார் 900 கி.மீ. இன்று திருச்சியிலிருந்து பறக்கும் ஏர்பஸ் 320ம் போயிங் 737ம் அதைவிட வேகமாகப் போவதில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் மெதுவாகத்தான் போகின்றன. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே சுமார் 2,925 கி.மீ. அறுபது வருடத்துக்கு முன்பே ஜெட் அதை நாலு மணி நேரத்தில் கடந்துவிடும். அதன்பிறகு வானத்தில் பயண நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை என்பதுதான் உண்மை.

அப்படியானால் திருச்சிக்காரர்கள் 1960களிலேயே விமானத்தில் போயிருக்க வேண்டுமே? போகவில்லை. டிக்கெட் விலை சாதாரண ஆட்களுக்கு எட்டாத உயரம். தலைக்கு மேலே 707 பறந்துகொண்டிருக்க, கீழே ரஜூலா 1970களின் தொடக்கம் வரை ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின் 'எம்.வி. சிதம்பரம்' வந்தது. பிரெஞ்சுக் கம்பெனியிடமிருந்து வாங்கிய கப்பல். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்துபோனார்கள். அதோடு தமிழ்நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே வழக்கமான பயணிக் கப்பல் என்ற ஒன்றே முடிந்துபோனது.

இனி எல்லோருக்கும் விமானம்தான். ஆனால் எங்கிருந்து? சென்னையிலிருந்து. மண்ணச்சநல்லூரில் கிளம்பி, திருச்சி வந்து, ராத்திரி பஸ்ஸோ ரயிலோ பிடித்து சென்னை போய், யாராவது சொந்தக்காரர் வீட்டில் குளித்துச் சாப்பிட்டு, மீனம்பாக்கம் போய், மூன்று மணி நேரம் வரிசையில் நின்று விமானம் ஏற வேண்டும். வழியனுப்ப வேன் பிடித்து ஒரு குடும்பமே போகும். வானத்தில் நாலு மணி நேரம், தரையில் இருபது மணி நேரம்!

இன்னொரு வழி கொழும்பு. 1980களிலும் 90களிலும் திருச்சிக்கு வெளிநாட்டைப் பார்க்கும் முக்கியமான ஜன்னல் அதுதான். திருச்சியிலிருந்து கட்டுநாயக்கா சுமார் 420 கி.மீ., அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 2,750 கி.மீ. கூட்டினால் 3,170. நேர்கோட்டைவிட 190 கி.மீ.தான் அதிகம், ஜெட்டுக்கு அது கால் மணி நேரம். ஆனால் கொழும்பில் அடுத்த விமானத்துக்காக உட்கார்ந்திருக்கும் மணிகளை எந்தத் தூரக் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

ஒரு பட்டியலில் திருச்சி பெயர்

வெளிநாட்டு விமானம் நினைத்த ஊரில் இறங்க முடியாது. இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு, எந்தெந்த ஊர், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்று எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத ஊருக்கு எவ்வளவு பயணிகள் இருந்தாலும் பயனில்லை.

2003ல் இந்தியா ஆசியான் நாடுகளுக்கு ஒரு சலுகை கொடுத்தது. 18 சுற்றுலா ஊர்களுக்கு அந்த நாட்டு விமானங்கள் கட்டுப்பாடில்லாமல் வந்து போகலாம் என்றது. கயா, வாரணாசி, கஜுராஹோ, போர்ட் பிளேர் என்று போகும் அந்தப் பட்டியலில் திருச்சிராப்பள்ளியும் இருந்தது. ஸ்ரீரங்கத்தையும் மலைக்கோட்டையையும் பார்க்க வெளிநாட்டார் வருவார்கள் என்பது அரசின் எண்ணமாக இருக்கலாம். ஆனால் அந்தக் கதவு வழியாகப் போய் வந்தவர்களில் பெரும்பாலோர் நம்மூர்க்காரர்கள்தான்!

2008 டிசம்பரில் ஏர் ஏசியா கோலாலம்பூர்–திருச்சி விமானத்தைத் தொடங்கியது. அந்த நிறுவனம் இந்தியாவுக்கு விட்ட முதல் தடமே இதுதான். டெல்லியும் இல்லை, சென்னையும் இல்லை. சிங்கப்பூர்த் தடத்தில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், டைகர், அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட ஸ்கூட், பிறகு இண்டிகோ என்று பல நிறுவனங்கள் பறந்திருக்கின்றன. 2012ல் திருச்சிக்குச் சர்வதேச விமான நிலையம் என்ற அந்தஸ்து கிடைத்தது. புதிய முனையம் 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்டு, ஜூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்தது.

மேற்குப் பக்கம் பார்த்தால்தான் இந்தப் பட்டியலின் அருமை புரியும். திருச்சியிலிருந்து துபாய் சுமார் 2,940 கி.மீ. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் வித்தியாசம் வெறும் 40 கி.மீ.! திருச்சி கிட்டத்தட்ட இரண்டுக்கும் சமதூரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அமீரக ஒப்பந்தப் பட்டியலில் திருச்சிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. ஆகவே சிங்கப்பூர், மலேசிய நிறுவனங்கள் திருச்சிக்கு வந்து போக, எமிரேட்ஸ் வர முடியவில்லை. துபாய்க்கு நேராகப் போக இந்திய விமானங்களையே நம்ப வேண்டியிருந்தது. ஒரே தூரம், ஒரே மாதிரி கூட்டம், ஆனால் இரண்டு விதமான வசதி. இது பற்றித் திருச்சியில் வணிகர்களும் பயணிகளும் பல வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இன்னும் விசித்திரமானது யாழ்ப்பாணம். திருச்சியிலிருந்து பலாலி விமான நிலையம் சுமார் 184 கி.மீ. மதுரையைத் தாண்டி விருதுநகர் போவது போலத்தான். 1940களின் இறுதியில் ஏர் சிலோனின் டக்கோட்டா விமானங்கள் அந்தப் பக்கத்திலிருந்து திருச்சிக்கு வந்து போயின. போர்க் காலத்தில் பலாலி ராணுவத் தளமானது, பொதுமக்களுக்கான வழி அடைபட்டது. யாழ்ப்பாணத்தார் ஒருவர் திருச்சிக்கு வர முதலில் தெற்கே கொழும்பு போய்ப் பிறகு வடக்கே திரும்ப வேண்டும். திருச்சிக்கு நேர் விமானம் மறுபடி வந்தது 2025 மார்ச் 30 அன்று. இத்தனை வருடமாக திருச்சியிலிருந்து 2,980 கி.மீ. சிங்கப்பூர் பக்கத்திலும், 184 கி.மீ. யாழ்ப்பாணம் தூரத்திலும் இருந்தன.

ஐஸ் பெட்டியும் விமானமும்

நேர் விமானம் வந்த பிறகு மண்ணச்சநல்லூர் போன்ற ஊர்களில் என்ன மாறியது? அரிசி மில்களும் பொன்னி அரிசியும் அப்படியேதான் இருந்தன. (பொன்னி என்றதும் ஒரு விஷயம். காவிரியின் பெயரைத் தாங்கிய இந்த ரகத்தின் தாய் தந்தைகளில் ஒன்று 'மாயாங் எபோஸ்' என்ற மலாயா நெல். 1965ல் மலேசியாவில் மஹ்சூரி என்ற பெயரில் வெளிவந்து, பிறகு இங்கே வந்து பொன்னி ஆனது. ஆட்கள் மட்டும் அல்ல, நெல்லும் இந்தக் கடலைத் தாண்டித்தான் வந்திருக்கிறது.)

மாறியது சாவு வீட்டு வழக்கம். காலையில் ஒருவர் இறந்தால் முதல் கேள்வி "பையன் எப்ப வர்றான்?" என்பது. இரவு விமானம் இருக்கிறது, டிக்கெட் போட்டாச்சு என்று பதில் வரும். ஐஸ் பெட்டி வாடகைக்கு வரும். உடல் அதில் இருக்கும். ஊர் முழுக்க ஒரு விமானத்தின் இறங்கும் நேரத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். மகன் நேராகப் பெட்டியோடு வந்து இறங்கி, குளித்துவிட்டு, கொள்ளிச் சட்டியைத் தூக்குவான். தந்தி போன வேகத்தில் ஆளும் வந்து சேர்வது அப்போதுதான் சாத்தியமானது.

2020 மார்ச்சில் இது ஒரே நாளில் நின்றது. கொரோனாவால் மார்ச் 23 முதல் வழக்கமான சர்வதேச விமானங்கள் நிறுத்தப்பட்டன. மறுபடி முழுசாகத் தொடங்கியது 2022 மார்ச் 27. நடுவே மே 2020 முதல் வந்தே பாரத் என்ற பெயரில் சிறப்பு விமானங்கள் வந்தன. பதிவு செய்து, இடம் கிடைத்து, வந்தபின் தனிமைப்படுத்தலும் முடித்து வீடு போக வாரக்கணக்கில் ஆனது. அதாவது மீண்டும் ரஜூலா கணக்கு! வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் செல்போன் திரையில்தான் காரியத்தைப் பார்த்தார்கள். செய்தி மட்டும் போகும், ஆள் போக முடியாது என்ற 1871ம் வருட நிலைமை திரும்பி வந்தது. 2021 நவம்பர் இறுதியில் சிங்கப்பூர், தடுப்பூசி போட்டவர்களுக்கு இந்தியாவிலிருந்து தனித் தடம் திறந்தபோது அது சென்னை, டெல்லி, மும்பைக்கு மட்டும்தான். திருச்சிக்காரர்கள் பழையபடி சென்னைக்கு பஸ் ஏறினார்கள்.

தூரமும் நேரமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் போகலாம் என்பதைத் திருச்சி வானம் இன்னொரு முறையும் காட்டியது. 2024 அக்டோபர் 11 மாலை சுமார் 5.40 மணிக்கு ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 141 பேர். உடனே இறங்கவும் முடியாது, ஏனென்றால் முழு எரிபொருளோடு எடை அதிகம். பெரிய விமானங்கள் சில எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிடும், போயிங் 737ல் அந்த வசதி கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் திருச்சி வட்டாரத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. கீழே ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் நிற்க, எட்டேகால் மணி வாக்கில் பத்திரமாக இறங்கியது. இரண்டரை மணி நேரப் பயணம், போன தூரம் பூஜ்யம். அன்றைக்கு உலகத்தில் யாரும் அதைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

கடைசியாக, எல்லோரும் மறந்துவிடும் ஒரு தூரம் இருக்கிறது. திருச்சி விமான நிலையம் ஊருக்குத் தெற்கே புதுக்கோட்டை ரோட்டில். மண்ணச்சநல்லூர் வடக்கே, காவிரி, கொள்ளிடம் இரண்டுக்கும் அந்தப் பக்கம். நேர்கோட்டில் 16 கி.மீ., ரோட்டில் இருபதுக்கு மேல். 1976ல் கட்டிய காவிரிப் பாலத்தைப் பழுது பார்க்க 2022 இறுதியில் மூடி, 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அத்தனை மாதமும் பஸ்களும் கார்களும் சுற்றிக்கொண்டு போயின. கொள்ளிடத்தில் 1928ல் கட்டிய பழைய பாலம், புதுப் பாலம் வந்து ஓய்வு பெற்றபின், 2018 வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. சாங்கியில் இரவு 8 மணிக்கு ஏறியவருக்குத் திருச்சியில் இறங்கும்போது கடிகாரம் ஒன்பதரைதான் காட்டும். அங்கிருந்து வீடு போய்ச் சேர இன்னொரு ஒரு மணி நேரம். சமயபுரத்தில் பூச்சொரிதல் சமயமாக இருந்து நம்பர் 1 டோல்கேட்டில் வண்டிகள் நின்றுவிட்டால் அதற்கும் மேல்.